இழவுக்கு வந்த தகரம்

தகரம் வந்து இறங்கிய அன்றைக்கே பூட்டும் வந்து இறங்கிவிட்டது. லாரியிலிருந்து தகடுகளை இறக்கிப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் அடுக்கி முடித்ததும், கூட வந்திருந்த கள அதிகாரி லவ்மோர் ஒரு கொழுத்த சங்கிலியை எடுத்து அடுக்கையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவியைக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டார். அப்புறம்தான் "வாழ்த்துகள்" என்றார்.

தலைமையாசிரியர் ஃபைசன் சிம்வாசாவுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று விளங்கவில்லை.

"சார், இதை எப்ப மேல ஏத்தலாம்?"

"அனாதைங்களைச் சரிபார்த்ததும் ஏத்திரலாம்."

"சரிபார்க்கிறதுன்னா?"

"அனாதைங்க நிஜமாவே அனாதைங்கதானான்னு பாக்கணும் இல்லையா சார்? எங்க நிறுவனம் எதையும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யாது."

நிறுவனத்தின் பெயர் 'நாளைய புன்னகை'. பணம் ஐரோப்பாவில் எங்கிருந்தோ வரும். தலைநகர் லிலோங்வேயில் மூன்று மாடிக் கட்டடத்தில் தங்கி இளைப்பாறும். அதற்குப் பின் மிச்சமிருந்தால் கிராமத்துக்குப் புறப்படும். ஊர் ஊராக ஆளைத் தின்ற அந்த நோயில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு உதவுவது அதன் வேலை. ஒவ்வொரு தகட்டின் மேலும் ஒரு குழந்தை முகம் வரைந்திருந்தது. வாய் காது வரைக்கும் சிரித்தது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. பார்த்த ஊர்க்காரர்கள், இது சிரிக்கிறதா அழுகிறதா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றார் லவ்மோர், அதற்கென்றே ஓவியரிடம் சொல்லிச் செய்ததாம்.

கபாண்டுலா கிராமத்துக்குத் தகரம் ரொம்ப அவசரம். போன வருட மழையில் பழைய புல் கூரை இரண்டாம் வகுப்பின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பின் ஊரே கூடிச் செங்கல் அறுத்தது, சூளை போட்டது, மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியது, மரம் வெட்டிக் கூரைச் சட்டமும் ஏற்றி வைத்துவிட்டது. மேலே போட மட்டும் ஒன்றும் இல்லை. சிமெண்டு இல்லாத மண் பூச்சு, ஒரு நல்ல மழை விழுந்தால் சுவர் கரைந்து ஓடிவிடும். மழைக்காலமோ தெட்சா மலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபைசனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனிதர் வீட்டோட மாப்பிள்ளை. அந்த ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் வீட்டோட மாப்பிள்ளைதான்; கல்யாணமானால் பெண்டாட்டி ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே 'வாத்தியார்' என்ற மரியாதை அவருக்குப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டினால் அவர் வெறும் மாப்ளை. அதிலும் பெண்டாட்டியின் அக்கா எலூபெ 'மாப்ளை' என்று கூப்பிட்டால் அவர் கையிலிருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். எலூபெதான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோளக்கூழ் கிண்டுகிறவள். அவள் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஊர்த்தலைவரே இரண்டடி தள்ளி நிற்பார்.

மறுநாள் காலையில் சரிபார்ப்பு தொடங்கியது. லவ்மோர் ஒரு மேசையைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். முதலில் வந்தவள் தியாமிகே. முன்பல் விழுந்த சின்னப் பெண்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"ஒரு அம்மா சோளக்கொல்லைக்குப் போயிருக்காங்க. ஒரு அம்மா தோ, அங்க கூழ் கிண்டுறாங்க."

லவ்மோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அப்பா?"

தியாமிகே திரும்பி ஃபைசனைக் காட்டினாள். "இவருதான்."

லவ்மோர் ஃபைசனை மேலும் கீழும் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அடுத்த பையனுக்கு மூன்று அம்மா. அதற்கடுத்தவனுக்கு அம்மா இரண்டு, அப்பா நாலு. அதில் ஓர் அப்பா இவனைவிடச் சின்னப் பையன், வரிசையில் இவனுக்குப் பின்னாலேயே நின்றான். கணினியில் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம்தான். சாயங்காலம் வரை எல்லாப் பிள்ளையும் 'உண்டு' கட்டத்திலேயே போய் விழுந்தது.

"சார், இந்த மாவட்டத்துலயே உங்க ஊர்லதான் யாருமே சாகல" என்றார் லவ்மோர், கணினியை மூடிக்கொண்டே. "ரொம்பச் சந்தோஷமான விஷயம். ஆனா கூரை கிடையாது."

"ஐயையோ, அப்படி இல்ல சார். அந்தப் பொண்ணைப் பெத்தவ டோரிகா. அவ போய் நாலு வருஷமாச்சு. கூழ் கிண்டுற எலூபெ அவளுக்கு அக்கா. என் பொண்டாட்டி அவளுக்குத் தங்கச்சி."

"அப்ப பெரியம்மா, சின்னம்மா."

"பெரியம்மான்னா அம்மா, சித்தப்பான்னா அப்பாதானே சார்? எங்க பாஷையில வேற வார்த்தையே இல்லியே. உங்க பாஷையும் அதுதானே?"

"என் பாஷையை விடுங்க. அம்மா இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கணும்."

"எப்படிச் சொல்லும்? அம்மா எதிர்ல நின்னு கூழ் கிண்டுது. உயிரோட இருக்கிறவளை இல்லன்னா சாபம் விட்ட மாதிரி ஆகாதா?"

லவ்மோர் கணினியைத் தட்டிக் காட்டினார். "சாபத்துக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல சார்."

அந்த ஊரில் யார் செத்தார்கள் என்று கேட்பதைவிட யார் சாகவில்லை என்று கேட்பது சுலபம். அந்த நோயை அங்கே ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உடம்பு சரியில்லை' என்பார்கள், அடுத்த மாதம் குழி வெட்டுவார்கள். தச்சன் கதவு ஜன்னல் செய்வதை விட்டுவிட்டுப் பெட்டி மட்டும் செய்தான். ஒவ்வொரு இழவிலும் கடைசியில் பெண்கள் எழுந்து, நின்றிருக்கும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு கூட்டமும் போட்டதில்லை. அப்படித்தான் அந்த ஊரில் பிள்ளைகள் மிஞ்சின. இந்த நல்ல காரியம் கூரைக்கு உலை வைக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஃபைசனுக்கு அழைப்பு வந்தது. சலிமா ஏரிக்கரையில் ஒரு பெரிய ஓட்டலில் பயிலரங்கு. பெயர்: 'அனாதை அடையாளச் சவால்களும் முன்னோக்கிய வழிகளும்'. முதலில் ஜெபம். பிறகு தேநீர். பிறகு கைதட்டப் பழக்கினார்கள்; சாதாரணமாகத் தட்டக்கூடாதாம், தேங்காய்க் கைத்தட்டல். இல்லாத தேங்காயைக் கையில் உருட்டி, இல்லாத பாறையில் உடைத்து, இல்லாத தண்ணீரைக் குடித்து, மட்டையை எறிய வேண்டும். மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் எறிந்தார்கள். ஃபைசன் எறிந்தது பக்கத்து நாற்காலிக்காரர் மேல் பட்டுவிட்டது போலிருந்தது, அவர் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பின் இயக்குநர் டாக்டர் எபினேசர் கவிங்கா மேடை ஏறினார்.

"நண்பர்களே, அனாதைதான் நமது அடித்தளம். அனாதை இல்லையேல் திட்டம் இல்லை. திட்டம் இல்லையேல் அலுவலகம் இல்லை. அலுவலகம் இல்லையேல் நான் இல்லை. நான் இல்லையென்றால் அந்த அனாதைகளுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த நாட்டின் ஒரு மூலையில் ஒரு கிராமம். அங்கே எங்கள் அதிகாரி காலை முதல் மாலை வரை தேடியும் ஓர் அனாதை அகப்படவில்லை. நான் குற்றம் சொல்லவில்லை, வேதனைப்படுகிறேன். தான் அனாதை என்றே தெரியாமல் ஒரு குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறது. இதைவிடக் கொடுமை உண்டா? அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு, நமது புன்னகையை அங்கே வைக்க வேண்டும்."

தேங்காய் உடைந்தது. ஃபைசன் பயந்து பயந்து கையைத் தூக்கினார்.

"அய்யா, அம்மாவோட அக்காவும் அம்மாதானுங்களே. நீங்களும் இந்த மலைப்பக்கத்து ஆளுன்னு கேள்விப்பட்டேன். உங்க வீட்ல எப்படிங்க?"

"எங்க வீட்ல எனக்கு நாலு அம்மா" என்றார் இயக்குநர், முகமெல்லாம் மலர. சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அது வீடு. இது திட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

ஃபைசனின் கேள்வியை மஞ்சள் தாளில் எழுதி, 'பிறகு பேசலாம்' என்ற பலகையில் ஒட்டினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மின்விசிறிக் காற்றுக்கு அது எங்கேயோ பறந்துவிட்டது. மாலைக்குள் கபாண்டுலாப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது: 'தன் நிலை அறியா அனாதைகள்'. அவர்களுக்குத் தம் நிலையைப் புகட்ட ஒரு பயிற்சி முகாம் முடிவாயிற்று. அதுவரை தகரம் சங்கிலியோடு இருக்கும்.

முகாமுக்கு லவ்மோர் ஒரு மூட்டை மஞ்சள் பனியன் கொண்டுவந்தார். முன்பக்கம் 'நான் அனாதை', பின்பக்கம் 'ஆனாலும் சிரிக்கிறேன்'. கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளைக்குப் பனியன்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லை" என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி கோரஸாகக் கத்தின. பனியனுக்காக அந்தப் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லியிருக்கும். பெற்றவர்கள் இருவரும் உயிரோடிருக்கிற பிள்ளைகள் வேலிக்கு அப்பால் புரண்டு அழுதன. ஒரு தாய் நேராக லவ்மோரிடமே வந்துவிட்டாள்.

"ஏன் சார், என் பொண்ணுக்கு மட்டும் ஏன் சட்டை இல்ல? நாங்க உயிரோட கிடக்கிறது அவ தப்பா?"

பாவம் என்று அந்தப் பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தார். அதோடு அந்தத் தாயும் கணக்கில் செத்தாள். அடுத்த கேள்வி இறந்தவர் பெயர். பிள்ளைகளுக்குத் தெரிந்த அம்மா பெயரைத்தானே சொல்லும். தியாமிகே 'எலூபெ' என்றாள். அப்பா பெயர் 'ஃபைசன்' என்றாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அதே ஃபைசனைச் சொன்னார்கள். லவ்மோர் வேகமாகத் தட்டிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நாளைய புன்னகை வந்தது.

ஃபைசன் கையைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றார். "முடிஞ்சுதுங்களா சார்? சாவி?"

லவ்மோர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சின்னச் சிக்கல் சார். நீங்க இறந்துட்டீங்க."

"எப்ப சார்?"

"இப்பத்தான், ஒரு அரை மணி இருக்கும். தகரத்தை வாங்கிக்கிட்டேன்னு தலைமையாசிரியர் கையெழுத்துப் போடணும். இறந்தவர் கையெழுத்தை இது ஏத்துக்க மாட்டேங்குது."

"அழிச்சிருங்களேன்."

"ஒருத்தரை அழிச்சா எல்லாரையும் மறுபடி முதல்லேர்ந்து சரிபார்க்கணும். கவலைப்படாதீங்க, வழி இருக்கு. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் குடுத்தாப் போதும்."

"தலைமையாசிரியர் நான்தானே சார்?"

"அதான் சிக்கல்" என்றார் லவ்மோர். "சனிக்கிழமை இயக்குநர் வராரு, ஐரோப்பாவிலேர்ந்து ஹெட்விக் அம்மாவும் வராங்க. தகரத்தைப் பார்வையிடும் விழா. அப்ப மேலிடத்துல பேசிப் பாருங்க. உயிரோட இருக்கிற யாராவது பேசினா நல்லது."

அன்று சாயங்காலம் ஃபைசன் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது எலூபெ வந்தாள். இடுப்பில் தியாமிகே, மஞ்சள் பனியனோடு. இடுப்பில் வைக்கிற வயசைத் தாண்டிய பிள்ளை. இருந்தும் இறங்க மாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ளை, இவ என்னைக் கேக்குறா, 'நீ செத்துட்டியாம்மா'ங்கிறா. என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. நீ கேட்டுக்கிட்டுத்தானே நின்ன?"

ஃபைசன் அடுப்பை ஊதுவதை நிறுத்தினார். வெட்கமாக இருந்தது. "கூரைக்காகத்தான் அண்ணி. காகிதத்துல மட்டும்தான். மழை வந்தா சுவரு போயிடும்."

"கூரை வேணாம்னு நான் சொல்லல. நானும்தான் செங்கல் சுமந்தேன். ஆனா கேளு. டோரிகா இவளை என் மடியில போட்டப்ப 'என் பொண்ணைப் பாத்துக்க'ன்னு சொல்லல. 'இந்தா, உன் பொண்ணு'ன்னா. பெத்தவளே எனக்குக் குடுத்துட்டுப் போனதை எவனோ வந்து பனியனைக் குடுத்து வாங்கிட்டுப் போவானா?"

ஃபைசன் ஈர விறகை உள்ளே தள்ளினார். அடுப்பு புகைந்தது.

"எழுதினதை அழிக்க முடியாதாமா?" என்று எலூபெ கேட்டாள்.

"முடியாதாம்."

"யாரு யாரு செத்திருக்கோம்?"

"நீங்க, என் வீட்டுக்காரி, இன்னும் ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு. நானு."

"நீயுமா?" எலூபெக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி விடு. செத்தாச்சு. அப்ப எழவு எடுத்துர வேண்டியதுதான்."

"அண்ணி, விளையாடாதீங்க."

"விளையாட்டு என்ன இதுல? இத்தனை பேரு செத்திருக்கோம், எழவு எடுக்காம விட்ட ஊருன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. சனிக்கிழமை வச்சுக்கலாம். ஜாபெத்துகிட்ட நான் சொல்றேன்."

ஜாபெத் குழி வெட்டும் கூட்டத்துக்குத் தலைவன். மற்ற நாளில் அவன் சும்மா சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன், நாலு பேரிடம் ஏச்சு வாங்குகிறவன். இழவு விழுந்துவிட்டால் அவன்தான் ராஜா. யாரையும் கிண்டல் பண்ணலாம், யாரையும் வேலை ஏவலாம், மரியாதை தவறினவனுக்குத் தண்டம் போடலாம். ஊர்த்தலைவராக இருந்தாலும் குழிவெட்டி சொன்னால் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் ஜாபெத் சைக்கிளைத் தலைகீழாகவே விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

சனிக்கிழமை இயக்குநரின் வெள்ளை வண்டி ஒலிபெருக்கியில் பாட்டோடு மலைச்சரிவில் இறங்கியது. ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே பச்சை மரக்கிளைகள் போட்டிருந்தன. அந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இழவு, மெதுவாகப் போ. ஓட்டுநர் யாரையும் கேட்காமல் பாட்டை நிறுத்தினான். இயக்குநரின் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள்.

"யாருப்பா போனது?" என்று இயக்குநர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நிறையப் பேருங்கய்யா" என்றான் ஜாபெத், தோளில் மண்வெட்டியோடு. "வாத்தியாரும் போயிட்டாரு."

"அடப்பாவமே, அந்த ஃபைசனா? போன மாசம்தானே என்கிட்ட கேள்வி கேட்டாரு."

கூரையில்லாத பள்ளிக்கூடத்துக்குள் சாங்கியமாகப் பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் செத்த பெண்கள் தலையில் துணி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாகாதவர்கள் எதிரே உட்கார்ந்து கணீரென்று துக்கப்பாட்டு பாடினார்கள்; செத்தவர்களும் இடையிடையே சேர்ந்து பாடினார்கள், நல்ல பாட்டு, சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளைகள் மஞ்சள் பனியனில் அங்குமிங்கும் ஓடின. சுவரோரம் போர்வைக்குள்ளிருந்து ஃபைசன் தலையை நீட்டினார்.

"வணக்கங்கய்யா."

"என்னய்யா இது கூத்து?" என்றார் இயக்குநர்.

ஜாபெத் வாயில் விரல் வைத்தான். "பொணத்துகிட்ட பேசக்கூடாதுங்கய்யா. தெரியாத மாதிரி கேக்குறீங்க. தண்டம் ஒரு கோழி."

இயக்குநர் வாதாட வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து எத்தனையோ இழவில் உட்கார்ந்த உடம்பு, அது அவரைக் கேட்காமலே கீழே உட்கார்ந்துவிட்டது. "கோழி அனுப்பறேன்" என்றார்.

ஹெட்விக் அம்மாள் வந்ததுமே பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் இறந்தது என்று லவ்மோரைக் கேட்டாள். லவ்மோர் கணினியைத் திறந்து சரிபார்த்தே சொன்னார், தாய்மார்கள் என்று. அவள் நெஞ்சில் கை வைத்து நிஜமாகவே அழுதாள், நல்ல மனசு. எதிரிலிருந்த எலூபெக்குத் தாங்கவில்லை. தன் தலைத்துணியின் நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி அம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கோம்."

என்ன சொல்கிறாள் என்று ஹெட்விக் அம்மாள் கேட்டாள்.

"இறந்தவர்கள் உங்களுக்கு ஆறுதல் சொல்கிறார்கள்" என்றார் லவ்மோர்.

அப்போதுதான் மலைப்பக்கம் உறுமியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சட்டத்துக்கு மேலே வானம் கருத்துத் திரண்டு வந்துகொண்டிருந்தது. காற்றில் மண் வாசனை அடித்தது. ஃபைசனுக்குப் போர்வைக்குள் வியர்த்தது. அந்தச் சுவரில் அவர் கையால் குழைத்த மண்ணும் இருந்தது.

ஜாபெத் இயக்குநர் முன்னால் வந்து குந்தினான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை. "அய்யா, எழவு வீட்டுக்குக் கூரை இல்ல. பொணம் நனையலாமா? உங்க ஊர்ல நனைய விடுவாங்களா?"

"அய்யா, சரிபார்ப்பு இன்னும் முடியல" என்று லவ்மோர் காதோரம் குனிந்தார். "தகரத்தைத் தொட்டா தணிக்கையில—"

இயக்குநர் அவர் சொன்னதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் சின்னம்மா எழவுல இப்படித்தான் மழை புடிச்சுக்கிச்சு" என்றார். "கூரையே ஓட்டை. எங்க மாமா கதவைப் பேத்துக்கிட்டு வந்து அவங்க மேல புடிச்சுக்கிட்டு நின்னாரு, ராத்திரி பூரா. ஒரு சொட்டு விழல அவங்க மேல." மூக்கை உறிஞ்சினார். "சாவியைக் குடு லவ்மோர்."

"எந்தத் தலைப்புல எழுதட்டுங்கய்யா?"

"எழவுன்னு எழுது."

சங்கிலி விழுந்த சத்தம் அடங்குவதற்குள் ஊரே தகரத்தின் மேல் பாய்ந்தது. தலைமேல் தகடுகள் ஊர்வலம் போயின. சட்டத்தின் மேல் ஆள் ஏறினார்கள், சுத்தியல் கிடைத்தவன் சுத்தியலால் அடித்தான், கிடைக்காதவன் கல்லால் அடித்தான். செத்த பெண்கள் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஆணி எடுத்துக் கொடுத்தார்கள். ஃபைசனும் போர்வையை உதறிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

"ஏய், பொணம் ஏணியில ஏறுது" என்று ஒருவன் கத்தினான்.

"ஏறட்டும் விடு" என்றான் ஜாபெத் மேலிருந்து. "வாத்தியாரு சொர்க்கத்துக்குத்தான் போறாரு."

இயக்குநர் கோட்டைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுத் தகடு தூக்கினார். ஹெட்விக் அம்மாள் ஒரு முனையைப் பிடித்தாள். லவ்மோர் மட்டும் எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டே நின்றார். ஜாபெத் அவருக்கும் ஒரு கோழி தண்டம் போட்டான். அவசரத்தில் பல தகடுகள் தலைகீழாகப் போயின. அந்தக் குழந்தை முகங்கள் தாடை மேலாக, நெற்றி கீழாக வானத்தைப் பார்த்துச் சிரித்தன. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசித் தகட்டில் கடைசி ஆணி இறங்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மழையென்றால் மழை, கொட்டித் தீர்த்தது. எல்லோரும் உள்ளே ஓடி வந்து நெருக்கியடித்து நின்றார்கள். உயிரோடு இருப்பவர்களும் செத்தவர்களும் இயக்குநரும் ஆடுகளும். ஃபைசன் சுவரைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபடியும் தடவிப் பார்த்தார். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

பெண்கள் ஒரு மூலையில் களியும், நிலக்கடலை மாவு போட்டுக் கடைந்த பூசணிக் கீரையும் பரிமாற ஆரம்பித்தார்கள். அப்போது இயக்குநருக்குச் சட்டைப் பையிலிருந்த உரை ஞாபகம் வந்துவிட்டது. கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். பெஞ்சின் மேல் ஏறினார். தாளை விரித்தார். பேசினார்.

தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒரு எழுத்துக்கூட யார் காதிலும் விழவில்லை. கை ஆடுவது தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஓரிடத்தில் நெஞ்சைத் தொட்டார், ஓரிடத்தில் கூரையைக் காட்டினார், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்தார். ஊர் களியை உருட்டிக்கொண்டே மரியாதையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருட உத்தியோகத்தில் தான் பேசி இவ்வளவு நிறைவாக ஒரு கூட்டம் கேட்டதில்லை என்று இயக்குநருக்குப் பட்டது.

இறங்கி வந்தவர் எலூபெயின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவள் மடியில் தியாமிகே கிடந்தாள். பெண்கள் பனியனைக் கழற்றி அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பிடிதுணியாக்கியிருந்தார்கள். பிள்ளையின் மேல் எலூபெயின் இடுப்புத் துணி போர்த்தியிருந்தது. மழை கொஞ்சம் இளைத்தது. இயக்குநர் குனிந்து உரக்கக் கேட்டார்.

"அம்மா, நான் பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

"செத்தவளுக்கு என்னங்கய்யா கேக்கும்" என்றாள் எலூபெ. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, என் பொண்ணு தூங்குறா."